‘ரன்’ என்னும் ஒரு சொல்லை வைத்து ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் இணையப் பதிப்பை மதிப்பிடுதல்

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 1989-ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பிலேயே 20 தொகுதிகளாக வளர்ந்துவிட்டது. அதன் இணையப் பதிப்பு காலாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. இவ்வளவு பெரிய நூலை முழுவதும் புரட்டிப் பார்த்து மதிப்புரை எழுதுவது யாருக்கும் இயலாது. அரிய சொற்களைத் தேடி எடுத்துக்காட்டி அகராதியைப் புகழ்வது எளிது. ஆனால், அரிய சொல்லுக்கு எந்த அகராதியும் இரண்டு வரியில் பொருள் சொல்லிவிடும். பள்ளிக்கூடத்தின் முதல் ஆண்டிலேயே பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் சின்னஞ்சிறு வினைச்சொற்களில்தான் அகராதியின் உண்மையான திறம் வெளிப்படும். எனவே ஓடுவதைக் குறிக்கும் ‘ரன்’ (run) என்னும் ஒரே ஆங்கில வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு, அதன் பொருளையும் பிறப்பையும் வழக்கையும் இந்த அகராதி எப்படிச் சொல்கிறது, அதற்காகச் சந்தா கட்டலாமா என்று பார்க்கிறேன். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்போரும், கல்லூரியில் ஆங்கிலம் கற்பிப்போரும், மொழி வரலாற்றில் ஆர்வமுள்ளோருமே இதைப் படிப்பார்கள் என்று எண்ணி எழுதுகிறேன்.

அகராதியின் வரலாற்றில் இங்கு வேண்டியது சிறிதே. லண்டன் மொழியியல் கழகம் 1857-இல் இப்படி ஓர் அகராதி வேண்டும் என்று முயற்சியைத் தொடங்கியது. ஜேம்ஸ் மர்ரே 1879-இல் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். முதல் பகுதி 1884-இல் அச்சாகியது. அவர் 1915-இல் மறைந்த பிறகு, 1928-இல்தான் முதல் பதிப்பு நிறைவுற்றது. ‘ஆர்’ எழுத்துப் பகுதியின் பொறுப்பு வில்லியம் கிரெய்கி என்னும் ஸ்காட்லாந்துக்காரரிடம் இருந்தது. ஆகவே, ‘ரன்’ முதலில் உருப்பெற்றது அவர் கையில்தான். இணையப் பதிப்பு 2000-இல் வந்தது. 2023-இல் தளத்தின் தோற்றமே மாற்றியமைக்கப்பட்டது. சொல்லின் ஒவ்வொரு பொருளுக்கும் கிடைத்தவற்றுள் மிகப் பழைய எழுத்துச் சான்று எது என்று தேடிக் கண்டு, அங்கிருந்து நம் காலம் வரை மேற்கோள்களை ஆண்டு வரிசையில் நிறுத்த வேண்டும் என்பது தொடக்கத்தில் வகுத்த நெறி. அது இன்றுவரை மாறவில்லை.

இந்த அகராதியில் மிக நீண்ட பதிவு எது என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் பதிப்பில் அந்த இடம் ‘செட்’ என்னும் வினைக்கு இருந்தது: ஏறத்தாழ 430 பொருள்கள், 60,000 சொற்கள். மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணி ‘எம்’ எழுத்திலிருந்து தொடங்கப்பட்டபோது 2000-இல் ‘மேக்’ அதை முந்தியது. 2007-இல் ‘புட்’ அதையும் முந்தியது. 2011-இல் ‘ரன்’ 645 பொருள்களோடு முதலிடத்தைப் பிடித்தது. அந்த ஒரு சொல்லுக்காகப் பீட்டர் கில்லிவர் என்னும் பதிப்பாசிரியர் ஒன்பது மாதம் உழைத்தார். நான் வியந்தது இந்த எண்ணிக்கையைக் கண்டு அன்று. 645 பொருள்களையும் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்த வரிசையில், படிப்பவர் தடம் பிடித்துச் செல்லும்படி அடுக்கியிருக்கும் அறிவுழைப்பே என்னைக் கவர்ந்தது.

பதிவைத் திறந்து முதல் பொருளைப் பாருங்கள். ஓடுவது என்றால் என்ன என்று ஒருவர் கேட்டால், வேகமாக நடப்பது என்று நாம் சட்டென்று சொல்லிவிடுவோம். அது தவறு, வேகமாக நடப்பவர் ஓடுவதில்லை, மெல்ல ஓடுபவர் நடப்பதுமில்லை. அகராதியின் விளக்கம் இதை நுட்பமாகத் தீர்க்கிறது: மாறி மாறி விரைந்து அடியெடுத்து வைத்துச் செல்லுதல், அப்போது இரு பாதங்களும், பல விலங்குகளாயின் எல்லாப் பாதங்களும், ஒரே நேரத்தில் தரையில் இருப்பதில்லை. நடக்கும்போது பின்கால் தரையை விட்டு எழுவதற்குள் முன்கால் ஊன்றிவிடுகிறது. அந்தக் கணத்தில் இரண்டு பாதங்களும் மண்ணில் இருக்கும். ஓட்டத்தில் அப்படியொரு கணமே கிடையாது. ஒலிம்பிக் நடைப்போட்டியில், வீரரின் இரு பாதங்களும் ஒருசேரத் தரையை விட்டு எழுவது கண்ணுக்குத் தெரிந்தால் நடுவர்கள் எச்சரிக்கை அட்டை காட்டுவதும் இதே வேறுபாட்டை வைத்துத்தான். நாள்தோறும் எல்லோரும் செய்யும் ஒரு செயலுக்கு இத்தனை குறைந்த சொற்களில் இப்படி ஒரு வரையறை எழுதுவது பெரிய கலை. தமிழில் அகராதி தொகுப்போர் இந்த ஒரு வரையறையைப் பாடமாகவே வைத்துப் பயிலலாம்.

பதிவின் சிறந்த பகுதி எது என்று கேட்டால் சொற்பிறப்பு விளக்கத்தைத்தான் சொல்வேன். இன்றைய ‘ரன்’ ஒரே சொல்லாகத் தோன்றினாலும், அது பழைய ஆங்கிலத்தின் இரண்டு வினைகள் ஒன்றாகக் கலந்ததால் உண்டானது. ‘ரின்னன்’ என்பது ஒன்று. தானே ஓடுவது, ஒழுகுவது என்னும் பொருள் கொண்டது. இதில் ரகரமும் உயிரும் இடம் மாறி ‘இர்னன்’ என்று வழங்கிய வடிவமே பழைய ஏடுகளில் மிகுதி. ‘தசை’ என்பது ‘சதை’ ஆனதும், ‘விசிறி’ என்பது ‘சிவிறி’ ஆனதும் நமக்குத் தெரியும். அதே வகையான எழுத்து நிலைமாற்றம்தான் இது. மற்றொன்று ‘ஆர்னன்’, குதிரையை ஓட்டுவது, ஒன்றை ஓடச் செய்வது என்னும் பொருள் கொண்டது. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங்குகள் இங்கிலாந்தில் குடியேறியபோது அவர்கள் கொண்டுவந்த பழைய நார்ஸ் மொழியிலும் இதே இணை ‘ரின்னா’, ‘ரென்னா’ என்று இருந்தது. அந்த வழக்கும் வந்து சேர, இரண்டு வினைகளும் காலப்போக்கில் ஒன்றாகக் கலந்தன. இன்றைய வடிவத்தில் உள்ள உகரம் இறந்தகால எச்ச வடிவிலிருந்து நிகழ்காலத்துக்கும் பரவியது என்று கருதப்படுகிறது.

இதைப் படிக்கும் தமிழருக்கு, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்குக் கிட்டாத ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலம் கலந்துவிட்ட இணையைத் தமிழ் இன்றும் பிரித்தே வைத்திருக்கிறது: ஓடு, ஓட்டு. குதிரை ஓடுகிறது, குதிரையை ஓட்டுகிறான். கப்பல் ஓடியது; வ.உ.சிதம்பரனார் கப்பல் ஓட்டினார். ஆடு–ஆட்டு, உருள்–உருட்டு, திருந்து–திருத்து என்று இந்த முறை நம் மொழி முழுவதும் பரவிக் கிடக்கிறது. ‘ரன்’ பதிவின் பொருள்களை, செயப்படுபொருள் இல்லாதவை ஒருபுறமும் உள்ளவை ஒருபுறமுமாக அகராதி பிரித்து அடுக்கியிருப்பதைக் காணும்போது, ஓடு ஒரு பக்கமும் ஓட்டு ஒரு பக்கமும் நிற்பது நமக்கு உடனே புலப்படுகிறது. ஒரு நிறுவனத்தையோ கணினி நிரலையோ ‘ரன்’ செய்வது, ஓட்டு என்னும் கிளையில் வருவது. நிறுவனம் ஓடுகிறது, நிரல் ஓடுகிறது என்பவை ஓடு என்னும் கிளை. முன்பு முதலிடத்தில் இருந்த ‘செட்’ என்னும் சொல்லும் ‘சிட்’ என்பதன் பிறவினைதான், இரு–இருத்து போல. ‘ஃபால்’ (விழு), ‘ஃபெல்’ (வீழ்த்து) என்பதும், ‘லை’ (கிட), ‘லே’ (கிடத்து) என்பதும் அவ்வாறு பிரிந்து நின்ற இணைகள். நம் மாணவர்கள் ஆண்டுதோறும் இடறும் இந்தக் கடைசி இணையை, தன்வினை–பிறவினை என்று ஓர் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தால் ஒரு வகுப்பில் தெளிந்துவிடும்.

சொல்லின் வேருக்குப் போனால், கால்களை விட நீருக்கே அங்கு இடம் அதிகம். ஜெர்மன் மொழியில் ‘ரின்னன்’ என்றால் இன்றும் ஒழுகுவதுதான்; கால்களால் ஓடுவதற்கு அவர்கள் சொல்லும் ‘ரென்னன்’ பழைய பிறவினையிலிருந்து வந்தது. ஒழுகுதல், பாய்தல் என்னும் பொருளுடைய இந்தோ–ஐரோப்பிய வேர் ஒன்றிலிருந்து இவை கிளைத்தன என்பர். ரைன் ஆற்றின் பெயரும், ஒரே ஓடையின் நீரைப் பங்கிட்டுக்கொள்வோர் என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்து, போட்டியாளரைக் குறிக்கும் ‘ரைவல்’ என்பதும் அதே வேரோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. மூக்கு ‘ரன்’ ஆவது, குழாய் ‘ரன்’ ஆவது, நனைந்த துணியின் சாயம் ‘ரன்’ ஆவது எல்லாம் பிற்காலத்தில் ஏற்றப்பட்ட உருவகங்கள் என்று நான் எண்ணியிருக்கவில்லை என்றாலும், அவை இந்தச் சொல்லின் மிகப் பழைய அடுக்கைச் சேர்ந்தவை என்பதை மேற்கோள் வரிசையோடு காணும்போது உறுதி பிறக்கிறது. தமிழில் மூக்கு ஒழுகும், சாயம் போகும். ஆனால் ஆறு ஓடும், இரத்தம் ஓடும், கப்பலும் ஓடும். ‘கடலோடா கால்வல் நெடுந்தேர் கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து’ என்ற 496-ஆம் குறளில் தேருக்கும் நாவாய்க்கும் ஒரே வினை வருகிறது. கால் இல்லாதவற்றையும் ஓட விடுவது ஒரு மொழிக்கு மட்டும் உரிய பழக்கம் அன்று.

பொருள்கள் 645 ஆகப் பெருகியதற்கான காரணத்தைப் பதிவின் நடுப்பகுதி தானாகவே காட்டுகிறது. ஆலைகளும் எந்திரங்களும் வந்த பிறகு, நிற்காமல் இயங்கும் எதற்கும் ஆங்கிலம் இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டது: தறி, பம்பு, ரயில், கடிகாரம், பிறகு கணினி. எந்திரத்தை இயக்குவதிலிருந்து தொழிலை நடத்துவதற்கும், தொழிலிலிருந்து நாட்டை நடத்துவதற்கும் பொருள் நகர்ந்தது. தமிழும் இதில் பாதி தூரம் உடன் வந்திருக்கிறது. தறி ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது, கடை நன்றாக ஓடுகிறது, ஏதோ காலம் ஓடுகிறது என்கிறோம். ஆனால் கடையை ‘ஓட்டுகிறார்’ என்று சொல்வதில்லை, நடத்துகிறார் என்கிறோம். ‘குடும்பத்தை ஓட்டுகிறார்’ என்றால் கஷ்டப்பட்டுச் சமாளிக்கிறார் என்ற நிறம் வந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டிய எல்லைக்கோடு இதுதான். அகராதி ஆங்கிலப் பக்கத்தை இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துக் காட்டுவதால், எந்தப் பிரிவுக்கு நம் ஓடு பொருந்தும், எங்கே நடத்து, செல், ஒழுகு, அடி ஆகியவற்றைத் தேட வேண்டும் என்று நாமே முடிவு செய்துகொள்ள முடிகிறது. உடல் ‘டெம்பரேச்சர் ரன்’ செய்தால் நமக்குக் காய்ச்சல் அடிக்கிறது. ஊருக்கும் ஆற்றுக்கும் இடையே சாலை ‘ரன்’ செய்தால் நமக்குச் சாலை செல்கிறது.

தேர்தலைப் பற்றிய பொருளைத் தனியே சொல்ல வேண்டும். வேட்பாளர் அமெரிக்காவில் ‘ரன்’ செய்கிறார். பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ செய்கிறார். தமிழில் தேர்தலில் நிற்கிறார் என்பதே வழக்கு. யாரும் தேர்தலில் ஓடுவதில்லை. அமெரிக்கச் செய்தியை மொழிபெயர்க்கும் அவசரத்தில் ‘அதிபர் பதவிக்கு ஓடுகிறார்’ என்று எழுதிவிடும் இயந்திர மொழிபெயர்ப்புகளை இப்போது அடிக்கடி காண்கிறோம். இந்தப் பொருள் அமெரிக்க வழக்கு என்ற குறிப்பை அகராதியில் ஒருமுறை பார்த்தவர் அப்படி எழுத மாட்டார். கிரிக்கெட்டில் நாம் இந்தச் சொல்லை அப்படியே ரன் என்று வாங்கிக்கொண்டோம்; இலங்கைத் தமிழ் நாளிதழ்களோ ஓட்டங்கள் என்று அழகாக எழுதுகின்றன.

இவ்வளவு சொன்ன பிறகு, குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் குறை, இந்தப் பதிவின் நீளத்துக்கு ஏற்ப வழிகாட்டும் வசதி போதாது. கணினித் திரையில் சமாளிக்கலாம். கைப்பேசியில் ‘ரன்’ பதிவைத் திறந்தால், உருட்டி உருட்டி விரல் ஓய்ந்துவிடும். மேற்கோள்களும் கிளைப் பொருள்களும் மூடிய நிலையில் இருப்பதால், ஒவ்வொன்றையும் தட்டித் திறக்க வேண்டியிருக்கிறது. பழைய தோற்றத்தில் பக்கம் முழுவதையும் ஒரே பார்வையில் கண்டு பழகியவர்களுக்கு 2023-இன் மாற்றம் கண்ணுக்கு இதமாக இருந்தாலும், வேலைக்குச் சற்றுத் தடையாகவே இருக்கிறது. துணைச்சொல்லோடு சேர்ந்து வரும் வினைத்தொடர்களான ‘ரன் அவுட்’, ‘ரன் இன்டு’, ‘ரன் டவுன்’ போன்றவை பதிவின் இறுதிப் பகுதியில் இருக்கின்றன. பெரும்பாலோர் தேடி வருவது இவற்றைத்தான். அவற்றுக்கு நேரே செல்லும் வழி முகப்பிலேயே கண்ணில் படும்படி இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது குறை விலை. தனிநபர் ஆண்டுச் சந்தா நம் பணத்தில் பல ஆயிரம் ரூபாய் ஆகிறது. பிரிட்டனில் பெரும்பாலான பொது நூலகங்களின் உறுப்பினர் அட்டை எண்ணை உள்ளிட்டே வீட்டிலிருந்து இலவசமாகப் படிக்கலாம். அத்தகைய ஏற்பாடு நம் ஊர்ப் பொது நூலகங்களுக்கும் வர வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். மிளகுத்தண்ணீர், கட்டுமரம், சுருட்டு என்று நம் புழக்கத்தில் இருக்கும் சொற்கள் அந்த அகராதிக்குள் குடியேறியிருக்கின்றன. ‘ஐயோ’வும் 2016-இல் இடம்பெற்றுவிட்டது. அந்தச் சொற்களின் வரலாற்றை நம் பிள்ளைகள் காசு கொடுக்காமல் படிக்க முடிய வேண்டும். சந்தா கட்டாதவர்களுக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சுருக்கப் பக்கம் திறந்திருக்கிறது. எத்தனை பொருள், எவ்வளவு பழமையான சொல், எங்கிருந்து வந்தது, எவ்வளவு அடிக்கடி புழங்குகிறது என்ற அளவுக்கு அதில் தெரிந்துகொள்ளலாம். புழக்கத்தை 8 படிகளாகப் பிரித்துக் காட்டும் முறை நன்று. ஆனால் இந்த அகராதியின் உயிர் மேற்கோள்களில் இருக்கிறது, அவை சந்தாவுக்குள்தான்.

இலவசமாகக் கிடைப்பவற்றோடு ஒப்பிடாமல் இந்த மதிப்புரை நேர்மையாகாது. டக்ளஸ் ஹார்ப்பர் என்னும் அமெரிக்கர் நடத்தும் எட்டிம்ஆன்லைன் தளம், இரு பழைய வினைகள் கலந்த செய்தியையும், முக்கியப் பொருள்களின் ஆண்டுகளையும் ஒரே பக்கத்தில் தந்துவிடுகிறது: தீர்ந்துபோதல் என்னும் பொருளில் ‘ரன் அவுட் ஆஃப்’ 1713, போதாமல் போதல் என்னும் பொருளில் ‘ரன் ஷார்ட்’ 1752, தேர்தலில் நிற்பது 1826, தாமதமாதலைக் குறிக்கும் ‘ரன் லேட்’ 1954. ஒரு சொல் எப்போது, எதிலிருந்து வந்தது என்ற ஆவலை மட்டும் தீர்த்துக்கொள்ள இதுவே போதும். ஆனால் ஆண்டு மட்டும் இருக்கும். அந்த ஆண்டில் யார், எந்த வாக்கியத்தில் எழுதினார் என்பது இருக்காது. அந்த வாக்கியத்தைக் கண்ணால் பார்க்கும்போதுதான் பொருள் மாறிய இடம் பிடிபடும்.

ஆங்கிலத்தைப் பேசவும் எழுதவும் கற்றுக்கொள்ள விரும்பும் மாணவருக்கு ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதியைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்கு ஏ.எஸ்.ஹார்ன்பி 1942-இல் ஜப்பானில் வெளியிட்ட அகராதியிலிருந்து வளர்ந்த ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதி இருக்கிறது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எந்தப் பொருளில் செயப்படுபொருள் வரும், எந்தத் துணைச்சொல் சேரும் என்பதை எளிய வாக்கியங்களோடு அது காட்டும். தமிழ்ச் சொல் வேண்டுவோருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1960-களில் அ.சிதம்பரநாதன் செட்டியாரை ஆசிரியராகக் கொண்டு வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் இணையத்தில் இருக்கிறது. அதன் பரப்பும் தமிழ்ச் சொல்வளமும் போற்றத்தக்கவை. ஆனாலும் ‘ரன்’ போன்ற ஒரு வினைக்கு அது இணைச்சொற்களை அடுக்கித் தரும்போது, எது எந்தச் சூழலுக்கு என்பதைப் படிப்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதை ஒரு கையிலும் ஆக்ஸ்ஃபோர்டின் பொருள் பிரிவுகளை மறு கையிலும் வைத்துக்கொண்டு வேலை செய்யும்போது, இரண்டின் பயனும் இரட்டிக்கிறது.

இணையப் பதிப்பில் இணைக்கப்பட்டிருக்கும் வரலாற்றுச் சொற்களஞ்சியத்தையும் சந்தாவின் மதிப்பில் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் 1965-இல் தொடங்கி 2009-இல் அச்சிட்ட பெரும்பணி அது. ‘ரன்’ பதிவின் ஒரு பொருளிலிருந்து அதற்குள் நுழைந்தால், அதே பொருளுக்கு ஒவ்வொரு நூற்றாண்டிலும் ஆங்கிலேயர் வேறு எந்தச் சொற்களைப் பயன்படுத்தினர் என்பது கால வரிசையில் விரிகிறது. பதினெட்டாம் நூற்றாண்டு நாவலை மொழிபெயர்ப்பவருக்கு, ஆசிரியர் அந்த இடத்தில் புதுச் சொல்லை எடுத்தாரா, அன்றைக்கே பழமை தட்டிய சொல்லை எடுத்தாரா என்று அறிய இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரிந்து இல்லை.

ஆகவே பழைய ஆங்கில நூல்களை மொழிபெயர்ப்பவர், சொல்லாய்வில் ஈடுபட்டவர், அகராதிப் பணியில் இருப்பவர் ஆகியோர் தயங்காமல் சந்தா கட்டலாம். அதற்கு முன், தம் கல்லூரியோ பல்கலைக்கழகமோ ஏற்கெனவே சந்தா செலுத்தியிருக்கிறதா என்று நூலகரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. மற்றவர்கள் இலவசச் சுருக்கப் பக்கத்தையும் ஹார்ப்பரின் தளத்தையும் வைத்துக்கொண்டு நெடுந்தூரம் செல்லலாம். முதன்முறை ‘ரன்’ பதிவைத் திறப்பவர்கள் மேலிருந்து கீழாகப் படிக்கத் தொடங்க வேண்டாம். முதலில் சொற்பிறப்பு விளக்கத்தைப் படியுங்கள். அடுத்து நீரும் திரவமும் ஓடுவதைச் சொல்லும் பிரிவு. அதன்பின் எந்திரங்கள் வரும் பிரிவு. இறுதியாகச் செயப்படுபொருள் கொண்ட பொருள்கள். வினைத்தொடர்களைத் தேவைப்படும்போது ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம்.